அம்பு ஒட்டிய வரி

ஆஷாவுக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும். செல்போன் இரண்டு தடவை அடித்து நின்றுபோனால் பயப்படுவாள். மேனேஜர் அவள் மேஜைப் பக்கம் வந்து ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனால், அன்று மதியச் சோறு தொண்டையில் இறங்காது. இங்கிலீஷில் பி.ஏ. முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்புகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இத்தனை பயம் ஆகாதுதான். ஆனால் பயம் என்ன, சர்டிபிகேட் பார்த்துவிட்டா வருகிறது?

அவளுடைய பயங்களில் பெரியது தூங்குகிறவர்களைப் பற்றியது. அதற்கு மட்டும் காரணம் உண்டு. கமுதிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அப்பா வீரணன் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, மூன்று நாள் கண் மூடாமல் மூட்டத்தைக் காவல் காத்துவிட்டு ஒரு மத்தியானம் வந்து படுத்தார். "அப்பா அசந்து தூங்குறாரு, எழுப்பிறாதத்தா" என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீருக்குப் போனாள். ஆஷா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஈ உட்கார்ந்தபோதுகூட, தூக்கம் கலைந்துவிடுமே என்று மெதுவாகத்தான் விரட்டினாள். அம்மா வந்து தொட்டுப் பார்த்துக் கத்திய பிறகுதான், அவ்வளவு நேரமும் யாருக்கு விசிறிக்கொண்டிருந்தோம் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கியது.

அன்றிலிருந்து, வீட்டில் அம்மா அசந்து தூங்கினால் ஆஷாவின் சுண்டுவிரல் அவள் மூக்கருகே போய்விடும். மூச்சுக்காற்று பட்டால்தான் விரலை எடுப்பாள். அம்மா செல்லத்தாய்க்கு இது தெரியும். கண்ணைத் திறக்காமலே கேலி பேசுவாள்.

"கம்பெனியில நான் செக்கிங். வீட்டுல நீ செக்கிங்காக்கும். பாஸ் பண்ணிட்டேன்னா லைட்ட அமத்துத்தா."

புருஷன் போன மறுவருஷம், ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் மகளுமாகத் திருப்பூர் பஸ் ஏறியவள் செல்லத்தாய். முதலில் பனியனில் தொங்கும் நூல் பிசிரை வெட்டுகிற வேலை. பிறகு செக்கிங். தலைக்கு மேலே ட்யூப் லைட் எரிகிற நீள மேசைக்கு முன்னால் நின்று, தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்து, முன்பக்கம் பின்பக்கம் கழுத்து கை என்று பார்க்க வேண்டும். ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் காகித அம்பை ஒட்ட வேண்டும். மடித்து வைத்தாலும் தெரியும்படி அம்பின் வால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அம்பு ஒட்டிய பீஸை யாரும் பார்க்காமல் பாஸ் பண்ணக் கூடாது. செக்கிங்கில் அதுதான் வேதவாக்கு.

அந்த மேசைக்கு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் கண் சொக்கும் என்பது மேனேஜ்மென்ட்டின் கட்சி. நின்றால் சொக்காது என்று அவர்களுக்கு எந்த மகான் சொன்னாரோ தெரியவில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணிவரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஒரு மணிவரை நின்றால் இரண்டு. இப்படிப் பதின்மூன்று வருஷம் நின்று, மகளை பி.ஏ. வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாள் செல்லத்தாய்.

இரண்டாயிரத்து ஏழில் டாலர் விலை இறங்கியது. எங்கேயோ அமெரிக்காவில் இறங்குகிற விலை, திருப்பூரில் செக்கிங் டேபிள் ஓரத்தில் நிற்கிற பெண்ணின் தலையில்தான் வந்து விழும். ஆர்டர் குறைந்தது. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வேலை நேரம் பதிகிற கார்டுகளைச் சொருகி வைக்கும் ஸ்டாண்டு ஒன்று உண்டு. அங்கே யாரையும் 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்வதில்லை. காலையில் வந்து பார்த்தால் கார்டு இருக்காது, அவ்வளவுதான். முதலில் செக்கிங் தெய்வாத்தாளின் கார்டு போனது. அவளுக்குக் கண் மங்கிவிட்டதாம். அடுத்த வாரம் கால் வீங்கிய இன்னொருத்தி. நாற்பத்தைந்தைத் தாண்டிய செக்கிங்காரிகள் ஒவ்வொரு காலையும் அந்த ஸ்டாண்டை நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

செல்லத்தாய்க்கு நாற்பத்தாறு. அவள் கார்டு நம்பர் அறுபத்து நாலு. அதே கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் ஆஷா, தினமும் தன் கார்டை எடுப்பதற்கு முன்னால் அறுபத்து நாலு இருக்கிறதா என்று பார்ப்பாள். அம்மா சோர்ந்துவிட்டாள் என்று மட்டும் யாருக்காவது தெரிந்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிடும். இதுதான் அந்த வருஷம் முழுக்க அவள் வயிற்றில் கிடந்த பயம்.

முதலாளி ஆறுச்சாமி வெள்ளகோவில் பக்கம் விவசாயம் பார்த்த காட்டுக்காரர். குரலை உயர்த்திப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. அதுதான் கஷ்டம். திட்டுகிற ஆளிடம் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். 'வாங்க போங்க' என்று மரியாதையாகப் பேசுகிறவரிடம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? போன வருஷம், பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆடிட்டில், தொழிலாளர்களுக்குப் பயிற்சி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆறுச்சாமி ஆஷாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நம்ம ஜனத்துக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. அவியளும் தெரிஞ்சுக்கட்டும், ஆடிட்டுக்கும் ஆச்சு."

அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் டீச்சர். திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்தரைக்கு டீ குடிக்கிற நேரத்தில், பேக்கிங் ரூமில் பதினெட்டுப் பேருக்கு வகுப்பு. அதில் செல்லத்தாயும் ஒருத்தி. வகுப்பில் மகளை அவள் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். ஆஷாவுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

நோட்டு போடுவதில் ஆஷா தான் படித்த பள்ளிக்கூடத்தின் பழக்கத்தையே வைத்திருந்தாள். வலது மூலையில் தேதி. கீழே டீச்சர் ஒரு டிக் அடித்துக் கையெழுத்து. எழுதுகிற வாக்கியம் சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் மனசில் நிற்கும் என்று சொல்லியிருந்தாள். நல்ல டீச்சர்தான். அந்த நல்லது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, போர்டில் ஒரு வாக்கியம் எழுதினாள். 'ஐ ஆம் டெட் ஆன் மை ஃபீட்.'

"டெட்டுன்னா செத்துப்போறதுங்களே?" என்றாள் பேக்கிங் ரங்காத்தாள். "வெள்ளிக்கெழம அதுவுமா, வெளக்கு வெக்கற நேரத்துல அதை எதுக்குங்க டீச்சர் எழுதறீங்க?"

"சாவு இல்லைக்கா இது. அசதி. ரொம்ப நேரம் நின்னு வேலை செஞ்சு, இனி ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாதுன்னு இருக்கும்ல? காலு நிக்குது, ஆனா ஆளு உள்ள இல்ல. அந்த அசதிக்குச் சொல்ற வார்த்தை."

"உசுரு போகுதுன்னு சொல்லுவம்ல, அதுவா டீச்சர்?" என்றான் டெய்லர் முனீஸ்.

"அதேதான். உசுரு போகுதுன்னு சொன்னா யாரும் பாடை கட்ட ஓடுறதில்ல. இதுவும் அப்படித்தான். ஆனா காய்ச்சல் வந்து படுத்திருக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. சும்மா உக்காந்து அலுத்துப்போனாலும் சொல்றதில்ல. உழைச்சுக் களைச்சவங்கதான் சொல்லணும். சிநேகிதங்ககிட்டச் சொல்லலாம். முதலாளிக்கு எழுதுற லெட்டர்ல எழுதக் கூடாது."

"மொதலாளிகிட்ட எந்த பாசையிலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள் ரங்காத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்போது செல்லத்தாய் கையைத் தூக்கினாள். "நெசமாவே நின்னுக்கிட்டே ஒருத்தி தூங்கிட்டா, அதுக்கு வேற வார்த்தை இருக்கா டீச்சர்?"

மறுபடியும் சிரிப்பு. ஆஷாவும் சிரித்தாள். "அதுக்கும் இதையே சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மூன்று வாக்கியம் எழுதிவரச் சொன்னாள்.

அதற்கு முந்தின நாளிலிருந்துதான் அம்மாவின் நெற்றியில் ஒரு வீக்கம் இருந்தது. பாத்ரூம் கதவு இடித்துவிட்டது என்று சொல்லி, அதன்மேல் விபூதியை அகலமாகப் பூசியிருந்தாள். ஆஷா அதை நம்பினாள். சின்னச் சின்னதற்கெல்லாம் பயப்படுகிறவர்களுக்கு, பயப்பட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திங்கட்கிழமை நோட்டுகள் வந்தன. அன்றைக்குப் பார்த்து ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. ஆபீஸில் ஆஷாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. அட்டைப்பெட்டி மேல் பதினெட்டு நோட்டையும் அடுக்கி, பத்து நிமிஷத்தில், பக்கத்தைத் திருப்பு, டிக் அடி, கையெழுத்துப் போடு என்று முடித்துவிட்டாள். ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. கன்டெய்னர் அவசரத்தில் அடுத்த வகுப்புகள் நடக்கவில்லை; நோட்டுகள் அவள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தன.

எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ஆடிட். அதற்குக் கம்பெனி தயாராவதைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுவிடும். தீயணைக்கிற சிலிண்டரில் தூசி தட்டினார்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்து வந்து உட்கார்ந்தது. எல்லோர் வாயிலும் மாஸ்க் ஏறியது. ஸ்டாண்டிலிருந்து மஞ்சள் கார்டுகள் எல்லாம் போய், வெள்ளைக் கார்டுகள் வந்தன. மஞ்சளில்தான் உண்மையான நேரம் இருக்கும். வெள்ளையில் எல்லோரும் எட்டு மணிநேரம் வேலை செய்துவிட்டு, பட்சி மாதிரி ஐந்தரைக்குக் கூடு திரும்பியிருப்பார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மேனேஜர் வெள்ளியங்கிரி ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தார். அந்த வகுப்பில் யாரும் நோட்டு போடவில்லை.

காலை ஒன்பது மணிக்கு வெள்ளியங்கிரி ஆஷாவின் மேஜைக்கு வந்தார். "டீச்சர், இங்கிலீஷ் நோட்டு பதினெட்டும் மீட்டிங் ரூமுக்கு எடுத்துட்டு வந்துருங்க. பயிற்சிக்கு அத்தாட்சி கேக்கறாங்களாமா. அட்டெண்டன்ஸ் லிஸ்ட் மொதலாளி குடுத்துட்டாருங்க."

நோட்டுகளை நேராக அடுக்கும்போதுதான் ஆஷா அதைப் பார்த்தாள். ஒரு நோட்டிலிருந்து சிவப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. செக்கிங் அம்பு. அம்மாவின் நோட்டு. திறந்தாள். பக்கத்தின் மூலையில் தேதி. எட்டாவது வரைக்கும் படித்த ஒரு பெண், டிக்‌ஷனரியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கோத்த இங்கிலீஷ். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'புதன்கிழமை இரண்டு ஷிப்ட். வியாழக்கிழமை மேசையில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். தலை மேசையில் இடித்தது. கதவு என்று மகளிடம் சொன்னேன்.' அதற்குக் கீழே, அவள் சொல்லிக்கொடுத்த அந்த வரி, பெரிய பெரிய எழுத்தில். அம்பின் முனை சரியாக அந்த வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஆஷாவின் டிக். ஆஷாவின் கையெழுத்து.

முனீஸின் நோட்டைத் திறந்தாள்: ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ரங்காத்தாளின் நோட்டில் ஒன்றரை ஷிப்ட். டீச்சர் சொன்ன சொல்லைத் தட்டாமல், பதினெட்டுப் பேரும் சொந்த வாழ்க்கையில் நடந்ததையே எழுதியிருந்தார்கள், தேதி போட்டு. வெள்ளைக் கார்டு சொன்ன பொய்யெல்லாம் இந்த அடுக்கில் உடைந்து கிடந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஆஷாவுக்குக் கம்பெனியும் ஆர்டரும் நினைவில் இல்லை. நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் என்று எழுதியவளின் கார்டு அறுபத்து நாலு. அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால், நடுவில் நூல் தையல் போட்ட நோட்டு. ஒரு தாளை இழுத்தால் மறுதாளும் கையோடு வரும். நோட்டையே ஒளிக்கலாம் என்றால், லிஸ்டில் பதினெட்டுப் பேர். அம்பையாவது எடுத்துவிடலாம் என்று நகத்தால் சுரண்டினாள். பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. துணியிலிருந்து சுலபமாக உரியும் அந்த அம்பு காகிதத்தை விடமாட்டேன் என்றது. கதவருகே வெள்ளியங்கிரியின் குரல் கேட்டது. அம்மாவின் நோட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, அடுக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண். மெதுவாக, நல்ல தமிழில் பேசினாள். நிர்வாகத்தார் வெளியே இருக்கட்டும், டீச்சர் மட்டும் போதும் என்றாள். வெள்ளியங்கிரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். மேலே இருந்த நோட்டை அவள் எடுப்பாள், இரண்டு பக்கம் புரட்டுவாள், வைத்துவிடுவாள் என்று ஆஷா வேண்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் பட்டதைத்தான் கை எடுக்கும். கிழிந்த சிவப்பு வாலைப் பார்த்து, அடியிலிருந்த நோட்டை உருவினாள் ஆடிட்டர்.

வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

"இது உண்மையா?"

"எக்ஸாம்பிள் மேடம்." ஆஷாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வார்த்தைக்கு அர்த்தம் புரியறதுக்காக, நான் போர்டுல எழுதிப் போட்டேன். பார்த்து எழுதினாங்க."

"மத்த நோட்டுல இந்த வாக்கியம் இருக்குமா?"

ஆஷா மற்ற நோட்டுகளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கதவு இடிச்சதுன்னு மகள்கிட்டச் சொன்னேன்னு இருக்கே. இதையும் நீங்கதான் எழுதிப் போட்டீங்களா?"

"ஆமா மேடம்."

ஆடிட்டர் அட்டையில் இருந்த பேரைக் குறித்துக்கொண்டு, "இவங்களோட நான் தனியாப் பேசணும்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். நோட்டு மேஜையிலேயே திறந்து கிடந்தது. வெள்ளியங்கிரி உள்ளே வந்தார். குனிந்து வாசித்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். நோட்டை மூடி, மற்ற நோட்டுகளுக்கு மேலே நேராக வைத்தார்.

"டீ குடிச்சீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா அந்த அறைக்குள் இருந்த அரைமணி நேரம் ஆஷா எப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா உண்மையைச் சொன்னாலும் கார்டு போகும். சொல்லாமல் திணறினாலும் போகும். அறையிலிருந்து செல்லத்தாய் வெளியே வந்தபோது, மகளைத் திரும்பிப் பார்க்காமல் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு செக்கிங்குக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு ஆடிட் முடிந்தது. பாஸ். ஆறுச்சாமி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுக்கச் சொன்னார்.

ஆடிட் நாளில் ஐந்தரைக்கு உண்மையிலேயே விட்டுவிடுவார்கள். வெயில் இருக்கும்போதே வெளியே வந்துவிட்ட ஜனங்கள், என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கடை ஓரமெல்லாம் நின்றார்கள். அம்மாவும் மகளும் பேசாமல் நடந்தார்கள். சாக்கடைப் பாலம் தாண்டிய பிறகுதான் ஆஷாவுக்குப் பேச்சு வந்தது.

"என்னம்மா சொன்ன?"

"சும்மா எழுதுனேன்னு சொன்னேன். அர்த்தம் தெரியாது தாயி, டீச்சர் எழுதச் சொன்னாங்க எழுதுனேன்னு சொன்னேன்." செல்லத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்பு எதுக்கும்மான்னு கேட்டுச்சு. டேமேஜ் இருக்கிற எடத்துல ஒட்டுவோம், பாசை தெரியாம எழுதுனது, தப்பா இருக்கும்னு ஒட்டுனேன்னு சொன்னேன். என் நெத்தியவே பாத்துச்சு. அப்புறம் ஒடம்பப் பாத்துக்கங்கம்மான்னு சொல்லி பேனாவ மூடிருச்சு."

"எதுக்குமா எழுதுன? எங்கிட்ட வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"வாயால சொன்னா நீ அழுவ. ராத்திரியெல்லாம் மூக்குல வெரல வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அந்த வார்த்தைய நீ சொல்லிக் குடுத்தப்ப, இது எனக்குன்னே செஞ்ச வார்த்தையா இருக்கேன்னு தோணுச்சு. எழுதுனா டீச்சராப் பாப்பேன்னு நெனச்சேன். நீ பாக்கணும்னுதான் அம்பு ஒட்டுனேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள். "நீ பாஸ் பண்ணிட்ட."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆஷா தாங்கியிருப்பாள்.

லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது செல்போன் அடித்தது. வெள்ளியங்கிரி. "டீச்சர், ஆடிட் நல்லபடியா முடிஞ்சுதுங்க. அர்ஜென்ட் பீஸ் கொஞ்சம் நிக்குது. அம்மாவைச் சாப்புட்டுப்போட்டு ஏழு மணிக்கு வரச் சொல்லீருங்க. ரெண்டு ஷிப்ட் ஆயிருமுங்க."

செல்லத்தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. கழற்றிய செருப்பில் திரும்பக் காலை நுழைத்தாள். நுழையவில்லை. கால் வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்று, மறுகாலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஆஷா அதைப் பார்த்தாள். அப்பா படுத்திருந்த அந்த மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா வரமாட்டாங்க சார்" என்றாள். "அவங்களுக்கு முடியல. நின்னபடியே தூங்குறாங்க. நீங்கதான் வாசிச்சீங்களே."

பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை.

"சரிங்க டீச்சர்" என்றார் வெள்ளியங்கிரி. வைத்துவிட்டார்.

"என்ன காரியம்த்தா பண்ணுன" என்றாள் செல்லத்தாய். கேலிக்காரி அவள். அன்றைக்குக் கேலி வரவில்லை. ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு இருவரும் கேட்டுக்குள் நுழைந்தார்கள். வெள்ளைக் கார்டுகள் போய், மஞ்சள் கார்டுகள் திரும்ப வந்திருந்தன. ஆஷா கண்ணை ஓட்டினாள். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. ஒரு காலி இடம். அறுபத்தைந்து.

முன்னால் நின்றவர்கள் தங்கள் கார்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ரங்காத்தாள் மட்டும் ஒரு கணம் நின்று, செல்லத்தாயின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். பேக்கிங்கில் ஆஷா வெள்ளியங்கிரியைத் தேடிப் பிடித்தாள். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று போனவளுக்கு, "அம்மா கார்டு சார்" என்பதற்கு மேல் வரவில்லை.

"அம்மா கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுக்கட்டுங்க டீச்சர். நீங்கதானுங்களே முடியலைன்னு சொன்னீங்க. நல்லாகட்டும், அப்புறம் கூப்புட்டுக்கலாமுங்க." அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. "இன்னிக்குப் புதன். சாயங்காலம் கிளாஸ் இருக்குதுங்க. மறந்துறாதீங்க."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று தெய்வாத்தாளைக் கேட்டால் தெரியும். ஆஷா கேட்டுக்குத் திரும்பி வந்தாள். அம்மா வாட்ச்மேன் கூண்டு நிழலில், டிபன் பாக்ஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் வந்திர்றேன்மா."

"நீ எங்க வாரது? உள்ள போ. ரெண்டு கார்டும் ஒரே நாள்ல போனா வீட்டு வாடகைய யாரு குடுக்குறது?" டிபன் பாக்ஸைப் பிரித்து, தன் பங்கு முட்டையையும் மகள் டப்பாவில் வைத்தாள். "ஒனக்கு வாய் இங்கிலீசுலதான் வரும்னு நெனச்சேன். தமிழ்லயும் வருது."

அன்று காலை முழுவதும் ஆஷா மெயில் அடித்தாள். என்ன அடித்தாள் என்று தெரியவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும், டப்பாவைத் தொடாமல் வீட்டுக்கு ஓடினாள். பன்னிரண்டு நிமிஷ நடை. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே கோரைப்பாயில் அம்மா மல்லாந்து கிடந்தாள். வேலைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. வீங்கிய இரண்டு காலும் வாசலைப் பார்த்து நீண்டிருந்தன. நெற்றியில் விபூதி அழிந்து, வீக்கம் வடிந்த தழும்பு கருமையாகத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் ஒரு ஈ.

"அம்மா" என்றாள் ஆஷா.

அசைவு இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். ஈ எழுந்து, சுற்றி, திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்தது. அம்மா அதை விரட்டவில்லை. எட்டு வயதில் உட்கார்ந்த மாதிரியே ஆஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்தான் சொன்னேன், நான்தான் ஃபோனில் சொன்னேன் என்று மனசு அடித்துக்கொண்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, சுண்டுவிரலைக் கொண்டுபோனாள். ஒன்றும் படவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

சூடாக ஒரு மூச்சு விரலில் பட்டது. அதற்கு அடுத்ததும் வந்தது.

"சாகலத்தா" என்றாள் செல்லத்தாய், கண்ணைத் திறக்காமல். "படுத்துக்கிட்டுத் தூங்குறேன். போயி வேலையப் பாரு."